இது எந்த ஊசி கண்ணு?

முதல்ல ஒரு உண்மையை ஒப்புக்கிறேன். நான் மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு. (ஆமாங்க, மெக்கானிக்கல்தான். "ஏம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?" என்று கேட்கப்போறவங்க க்யூவில் நிற்கவும். எங்க தெருவே ஏற்கெனவே நிற்குது.) ஆறாவது செமஸ்டர் முடிஞ்சதும் எல்லாரும் ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போகணும். நம்ம கனவு என்ன? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பளபளன்னு ஒரு கார் கம்பெனி, கழுத்துல டேக், கேன்டீன்ல சாப்பாடு. நடந்தது என்ன? அப்பாவுக்குத் தெரிஞ்சவர் மூலமா, திருப்பூர்லயே, அனுப்பர்பாளையம் தாண்டி உள்ளே போனா வரும் ஒரு தகர ஷெட். வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். பல்பு!

எங்க வீட்டில் எல்லாருமே பனியன்தான். அப்பா நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். அம்மா செக்கிங். நான் ஒருத்திதான் வேற லைன் என்று பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். போய்ப் பார்த்தா அந்த ஷெட்டிலும் பாதி பனியன் வேலைதான். ஆறு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின். நாலில் ஹேங்கர், கிளிப், நூல் சுத்துற கோன் என்று திருப்பூருக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்கள். மீதி ரெண்டில்தான் என் கதை ஓடுது. அதில் வண்டி கியர்பாக்ஸுக்குப் போற சீலிங் ரிங் போட்டுக்கிட்டிருந்தாங்க.

ரிங் என்றதும் பெருசா யோசிக்காதீங்க. சின்னக் குழந்தை வளையல் அளவுதான் இருக்கும். ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு, படி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் கிளட்சை அழுத்துறது நம்ம கால் இல்லை, எண்ணெயின் அழுத்தம். சுத்துற தண்டு வழியா அந்த எண்ணெய் கிளட்சுக்குப் போகணும், வழியில் ஒழுகக் கூடாது. தண்டில் ஒரு காடி வெட்டி அதில் இந்த வளையத்தைப் போட்டுடறாங்க. எண்ணெய் வந்து அழுத்தும்போது வளையம் விரிஞ்சு வெளிச்சுவரோடும், ஒதுங்கிக் காடியின் பக்கச் சுவரோடும் ஒட்டிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் சரியா செய்யலைன்னா அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், வழுக்கினா சூடாகும், அப்புறம் மொத்த கியர்பாக்ஸையும் பிரிக்கணும். எடை சில கிராம்கூட வராத ஒரு வளையலுக்காக!

முதல் வாரம் எனக்கு மெஷினைத் தொட அனுமதி இல்லை. ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரைப் பார்த்து ரிப்போர்ட் தயார் பண்ணச் சொன்னாங்க. அந்த வளையம் 'பீக்' என்கிற பிளாஸ்டிக்கில் ஆனது. முழுப் பெயர் பாலி ஈதர் ஈதர் கீட்டோன். (வைவாவில் கேட்டா மூச்சு விடாம சொல்லணும்.) இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனிக்காரங்க 1978-ல் கண்டுபிடிச்சது. 343 டிகிரியில்தான் உருகும். ஹேங்கர் போடற பிளாஸ்டிக்கை மூட்டை மூட்டையா கொட்டுவாங்க. இதை நகைக்கடை மாதிரி எடை போட்டுத்தான் ஸ்டோர்ஸில் தருவாங்க. கிலோ ஆயிரக்கணக்கில்.

நல்ல வளையம் சந்தனத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்த நிறத்தில், ஒளி ஊடுருவாம இருக்கும். ரிஜெக்ட் ஆன வளையத்தில் ஒரு ஓரம் மட்டும் கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பா, கண்ணாடியாட்டம் தெரியும். ரெஜிஸ்டரைக் கூட்டிப் பார்த்தேன். பகல் ஷிப்டில் நூற்றுக்கு ரெண்டு, ராத்திரி ஷிப்டில் நூற்றுக்குப் பதினாலு.

சூப்பர்வைசர் சார்கிட்ட கேட்டேன். இருபது வருஷ அனுபவம் அவருக்கு. "மோல்டு குளுந்துபோனா அந்தக் கலர் வரும்மா. 180 டிகிரி இருக்கணும். நைட்ல அந்தப் பையன் டோரைத் திறந்து போட்டுட்டு ரீல்ஸ் பார்ப்பான், மோல்டு குளுந்துரும். வேற என்ன?" என்றார்.

முதல் பாதி சரியா என்று அன்னைக்கே நெட்டில் படிச்சுப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு சரி. இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். சர்க்கரைப் பாகை மெதுவா ஆற விட்டா கற்கண்டு. அதே பாகைச் சட்டுன்னு ஆற வெச்சா கடலைமிட்டாய் மேலே மின்னுதே, அந்தக் கண்ணாடிப் பாகு. பொருள் ஒண்ணுதான், உள்ளே மூலக்கூறுகள் அடுக்கின விதம்தான் வேற. பீக்கும் அப்படித்தான். 400 டிகிரிக்குப் பக்கத்தில் உருகி உள்ளே வருது. மோல்டு நல்ல சூடா இருந்தா அடுக்கிக்க நேரம் கிடைக்கும், கற்கண்டாகி கெட்டியா நிக்கும். மோல்டு குளிர்ந்திருந்தா, சுவரைத் தொட்ட உடனே உறைஞ்சு கண்ணாடியாயிடும். அந்தப் பழுப்பு ஓரம் அழுக்கும் இல்லை, தீய்ஞ்சதும் இல்லை. அடுக்கி முடிக்காத பாகம். தேய்மானத்தை அவ்வளவாத் தாங்காது. போதாததுக்கு 143 டிகிரியைத் தாண்டிச் சூடானா, மிச்சம் வெச்ச அடுக்கலை அப்போ முடிக்கப் பார்க்கும். முடிக்கும்போது சுருங்கும்.

ஆக, சார் சொன்ன 'ஏன்' சரி. அவர் சொன்ன 'யார்'? அதை நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லிட்டார், நான் எழுதிட்டேன்.

மீன் முள் படம் தெரியுமில்ல? ஜப்பான்காரர் கவோரு இஷிகாவா பிரபலமாக்கினது. ஒரு மீன் எலும்புக்கூடு வரைஞ்சு தலையில் பிரச்னையை எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதணும்: ஆள், மெஷின், மெட்டீரியல், முறை, அளவீடு, சூழல். குவாலிட்டி கன்ட்ரோல் பேப்பரில் பதினாறு மார்க் கேள்வி. எனக்கு அத்துப்படி. கலர் கலரா வரைஞ்சேன். 'ஆள்' என்ற முள்ளில் 'இரவு ஆபரேட்டரின் கவனக்குறைவு, பாதுகாப்புக் கதவு திறந்தே இருத்தல்' என்று எழுதி, சிவப்பில் வட்டம் போட்டேன். மத்த முட்களில் ஒப்புக்குச் சப்பாணியா ஏதேதோ. "சூப்பரா பண்ணிருக்கேம்மா" என்று சொல்லி சார் அதை ஓனர் ரூமுக்கு எடுத்துட்டுப் போனார். அன்னைக்கு என் கால் தரையில் இல்லை.

அந்த ராத்திரி ஆபரேட்டரை அதுவரைக்கும் நான் பார்த்ததுகூட இல்லை.

மூணு நாள் கழிச்சு, இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்த அக்கா ஒருத்தர் வளையத்தைப் பிரிச்சுக்கிட்டே பேச்சுவாக்கில் சொன்னாங்க: "அந்த ஒடிசா தம்பிக்கு ரெண்டு ஷிப்ட் சம்பளம் கட் பண்ணிட்டாங்களாம். ஹேங்கர் மெஷினுக்கு மாத்திட்டாங்க. அங்க ஓ.டி. கிடையாதில்ல, பாவம். யாரோ ரிப்போர்ட் குடுத்துட்டாங்களாம்."

யாரோ! தொண்டையில் ஏதோ அடைச்சுது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இதுல கொடுமை என்னன்னா, ஆபரேட்டரை மாத்தியும் அடுத்த மூணு ராத்திரியும் அதே பழுப்பு வந்துக்கிட்டிருந்தது. புதுசா வந்தவர் புதுசு, அதனால்தான் என்றாங்க. இப்படியே போனா உலகத்தில் இருக்கிற எல்லா ஆபரேட்டரையும் மாத்திப் பார்க்கலாம்.

ஞாயித்துக்கிழமை வீட்டில் அப்பாகிட்ட சொன்னேன். முழுசா இல்லை, என் பேரை விட்டுட்டு. மொபைலில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். ஒரு டிரே நிறைய பழுப்பு வளையம். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது எந்த ஊசி கண்ணு?"

நான் ஙே என்று விழிச்சேன். "அப்பா, இது பிளாஸ்டிக். ஊசியெல்லாம் இல்ல."

"செரி, ஊசி இல்ல. எந்தக் குழியில இருந்து வந்துச்சுன்னாவது தெரியுமா?"

தெரியாது. ஒரு தடவை மோல்டு திறந்தா நாலு வளையம் வரும், ஒரு பிளாஸ்டிக் காம்பில் பூ மாதிரி ஒட்டிக்கிட்டு. அந்தக் காம்புக்குப் பேரு ரன்னர். அக்காங்க நாலையும் பிச்சு ஒரே கூடையில் போட்டுடுவாங்க. வளையத்தில் நம்பர் கிடையாது. கூடைக்குள்ளே விழுந்தா எது எங்கே பிறந்ததுன்னு பிரம்மாவுக்கே தெரியாது.

"எல்லாத்தையும் ஒரே கூடையில கலந்துட்டு யார் தப்புன்னு தேடுனா எப்படி?" என்றார் அப்பா.

அவருடைய மெஷின் 30 இன்ச் விட்டம், 24 கேஜ். வட்டமா ரெண்டாயிரத்து இருநூறு ஊசிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். (பை டைம்ஸ் 30 டைம்ஸ் 24. போட்டுப் பாருங்க.) துணியில் நீளவாக்கில் ஒரே கோடு ஓடினா, அது ஊசி. எந்த ஊசியோ ஒண்ணு வளைஞ்சிருக்கு, அது ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்தில் தப்பு பண்ணும். குறுக்குவாக்கில் பட்டை பட்டையா வந்தா அது நூல், இல்லேன்னா நூலோட இழுப்பு. கோன் மாறியிருக்கும். ஆபரேட்டர் கவனமா இல்லேன்னா வேற மாதிரி தப்பு வரும், ஓட்டை விழும், எண்ணெய்க் கறை படும். "கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தாலே பாதி சோலி முடிஞ்சுது. திட்டறதுக்கு முன்னாடி துணியைப் பாக்கோணும்" என்றார்.

எட்டாம் கிளாஸ் பாஸ் பண்ணாத மனுஷன். என் மூணு வருஷ மெக்கானிக்கலைத் தூக்கித் துவைச்சுக் காயப்போட்டுட்டார்.

(சின்ன ப்ரேக். இதைச் சொல்லியே ஆகணும். டொயோட்டா கார் தெரியும்தானே? அந்தக் குடும்பம் முதலில் செஞ்சது காரே இல்லை, தறி. சாகிச்சி டொயோடா 1924-ல் ஒரு தானியங்கித் தறி செஞ்சார். நூல் அறுந்தா அது தானே நின்னுடும். 1929-ல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலை கொடுத்து வாங்கினாங்க. கார் கம்பெனி தனியா வந்தது 1937-ல். தப்பு வந்தா மெஷின் நிக்கணும், நின்ன இடத்தில் 'ஏன்' என்று அஞ்சு தடவை கேட்கணும் என்று நம்ம புக்கில் வருதே, அதெல்லாம் இந்தத் தறிக் குடும்பத்திலிருந்து வந்த பழக்கம். அப்பாவோட மெஷினும் நூல் அறுந்தா சிவப்பு விளக்கு எரிஞ்சு நின்னுடும். நான்தான் ஒரே ஒரு தடவை 'ஏன்' கேட்டுட்டு ரிப்போர்ட் எழுதினவ.)

திங்கள்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் அக்காங்ககிட்ட கெஞ்சினேன். "அக்கா, ஒரு அம்பது ஷாட் மட்டும் பிரிக்காம காம்போட எனக்குத் தாங்க." பேக்கிங் அட்டைப்பெட்டி ஒண்ணைப் பிரிச்சு தரையில் விரிச்சேன். காம்பை ஒரே திசையில் வெச்சு, வரிசையா அடுக்கினேன். மொத்தம் இருநூறு வளையம். அதில் பழுப்பு நாலு. நாலும் காம்பின் அதே கையில்! மெஷினுக்கு முன்னாடி நின்னு பார்த்தா, பின்பக்கம் கீழே இருக்கிற குழி. நாங்க அதுக்கு நாலாம் நம்பர் என்று பேர் வெச்சோம்.

அட்டையை முறைச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தா மோல்டு மொத்தமும்தானே குளிரணும்? நாலு குழியிலும் பழுப்பு வரணுமே? பிளாஸ்டிக் சரியா காயாம ஈரம் இருந்தாலும் அப்படித்தான். (150 டிகிரியில் மூணு மணி நேரம் காய வெச்சுத்தான் போடணும், இல்லேன்னா வெள்ளிக் கீத்து மாதிரி கோடு வரும்.) அந்தக் கோடும் எல்லாக் குழியிலும் விழும். ஒரு குழி மட்டும் தப்பு பண்ணுதுன்னா அது நூல் இல்லை. ஊசி!

அட்டையில் இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். முழு வளையமா இருந்தா, பிளாஸ்டிக் உள்ளே வந்ததும் ரெண்டா பிரிஞ்சு சுத்திப் போய் எதிர்ப்பக்கம் முட்டிக்கும். முட்டின இடம் சரியா ஒட்டாது. வெல்டு லைன் என்பாங்க, உடையும்போது அங்கேதான் உடையும். இந்த வளையத்தில்தான் வெட்டு இருக்கே. வெட்டுக்கு நேர் எதிரே வழி வெச்சா, ரெண்டு பக்கமும் ஓடி வந்து வெட்டில் நின்னுடும், முட்டிக்கவே வேண்டாம். யாரு யோசிச்சாங்களோ, அவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் டீ. எங்க மோல்டு இந்த விஷயத்தில் பக்கா. அதனால் மோல்டு டிசைன் மேலேயும் பழி போட முடியலை.

ஆனா ராத்திரியில் ஏன் ஏழு மடங்கு? அதை ராத்திரியில்தான் பார்க்கணும்.

பொண்ணு ராத்திரி ஷிப்டுக்கு வர்றதா? ஓனர் யோசிச்சார். அப்பா வர்றதா சொன்னதும் ஓ.கே. சொன்னார். புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அப்பாவோட டி.வி.எஸ். எக்ஸெல்லில் போய் இறங்கினோம். ஆடி மாசம். நம்ம பக்கம் ஆடிக் காத்து பத்திச் சொல்லணுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியா நேரா உள்ளே நுழையும். பல்லடம், உடுமலை பக்கம் காத்தாடி மில்லுங்க இத்தனை நிக்கிறதே அதனால்தான். அன்னைக்கு ஷெட் தகரம் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்தது.

ஒடிசா அண்ணன் ஹேங்கர் மெஷினில் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரிச்சார். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை வாங்கிக்க எனக்கு வெட்கமா இருந்தது. நான் கேட்டுக்கிட்டதால சார் அன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் அவரையே பழைய மெஷினில் நிறுத்தினார். ஒரு ஓரமா நின்னு அவர் கதவைத் திறந்து மூடற நேரத்தை மொபைலில் எடுத்தேன். பகல் ஆபரேட்டரைவிட ரெண்டு செகண்ட் வேகம். ஒரு தடவைகூட மொபைலைத் தொடலை.

அம்பது ஷாட் எடுத்தேன். இந்த முறை இடம் இல்லாம மெஷினுக்குப் பின்பக்கமா அட்டையை விரிச்சேன். அடுக்கிக்கிட்டே வந்தா, நாலாம் நம்பரில் மட்டும் பழுப்பு, பழுப்பு, பழுப்பு. முப்பதைத் தாண்டிடுச்சு. மத்த மூணு குழியும் சுத்தம். எண்ணிக்கிட்டிருக்கும்போதே படார்ன்னு அட்டை ஒரு பக்கமா தூக்கி, அடுக்கினதெல்லாம் உருண்டு ஓடுது!

நிமிர்ந்து பார்த்தேன். மெஷினுக்குப் பின்னாடி மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். முழுசா திறந்திருந்தது. காத்து நேரா வந்து மோல்டின் பின்பக்கத்தில் மோதிக்கிட்டிருந்தது.

"அண்ணா, இந்த ஜன்னல் எப்பவும் திறந்தே இருக்குமா?"

"நைட் ஓப்பன், மேடம். ரொம்ப சூடு. பகல் க்ளோஸ். தூசி வருது" என்றார். பக்கத்தில் 180 டிகிரி மோல்டு, 400 டிகிரி பேரல், மேலே தகரம். பன்னெண்டு மணி நேரம் நின்னு பாருங்க, நீங்களும் நானும் சுவரையே பேர்த்திருப்போம்.

காந்தம் வெச்ச பழைய டெம்பரேச்சர் ப்ரோப் ஒண்ணு மெயின்டனன்ஸ் ரூமில் இருந்தது. மெயின்டனன்ஸ் அண்ணன் மெஷினை நிறுத்தி, ஒவ்வொரு குழி ஓரமா வெச்சுப் பார்த்தார். 179, 177, 178. நாலாவது 147. கன்ட்ரோலர் டிஸ்பிளே மட்டும் 180 என்று சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தது. ஜன்னலை மூடி அரை மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி பார்த்தோம். 163. ஏறியிருக்கு, ஆனா மத்ததுகூட சேரலை. காத்து மட்டும் காரணமில்லை என்று அப்பவே தெரிஞ்சுபோச்சு.

காலையில் மோல்டு ஆறினதும் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா, அந்த மூலையில் இருக்கிற கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் செத்துக் கிடக்கு. என்னிக்குச் செத்ததோ. சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் மோல்டின் எதிர்மூலையில் இருந்ததால், அது தன் பக்கத்துச் சூட்டை மட்டும் பார்த்துட்டு எல்லாம் ஓ.கே. என்று சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. பகலில் ஜன்னல் மூடியிருக்கும்போது பக்கத்து ஹீட்டர்களின் தயவில் நாலாம் நம்பர் எப்படியோ தப்பிச்சுடும், எப்பவாவது ஒண்ணு ரெண்டு பழுக்கும். ராத்திரி காத்து அடிச்சா தீர்ந்தது. இதுக்குத்தான் ஒரு மனுஷனோட ரெண்டு ஷிப்ட்.

ஹீட்டர் கோயமுத்தூரில் அன்னைக்கே கிடைச்சுது. மாட்டினதும் நாலு குழியும் 178-க்கு மேலே. ஜன்னலுக்கும் மோல்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டி வெச்சாங்க. ஜன்னலை மூடச் சொல்லலை, அந்த வரைக்கும் சந்தோஷம்.

கதை இங்கே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏற்கெனவே சேர்ந்திருந்த பழுப்பு வளையங்கள் மூணு பெட்டி. மெட்டீரியல் விலை தெரியுமில்ல? எல்லாரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டிருந்தோம். "அவன்ல 200 டிகிரியில வெச்சு எடுத்தா கலர் மாறிடும், அனுப்பிடலாம்" என்று ஒரு யோசனை வந்தது. மாறும்தான். பத்து வளையத்தை வெச்சு எடுத்தோம். நிறம் சந்தனமா, நல்ல பிள்ளையா ஆயிடுச்சு. யாரு பார்த்தாலும் பாஸ் போடுவாங்க. கேஜில் உட்கார வெச்சோம். பழுப்பா இருந்த பக்கம் மட்டும் சுருங்கி வட்டம் கோணியிருந்தது. பத்தில் ஏழு உட்காரவே இல்லை.

எங்க அம்மா செக்கிங்கில் ஒதுக்கற பீஸ் எங்கே போகும்னு உங்களுக்குத் தெரியும். காதர்பேட்டை. தையல் கொஞ்சம் கோணினாலும், சாயம் திட்டு திட்டா இருந்தாலும் செகண்ட்ஸ் என்று ஒரு விலைக்குப் போயிடும். நீங்களும் நானும் போட்டிருக்கிற டீ-ஷர்ட்டே அங்கே வாங்கினதாத்தான் இருக்கும். கோணின டீ-ஷர்ட்டால யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. இந்த வளையத்துக்குக் காதர்பேட்டை கிடையாது. ஓனர் பெட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு "கிரைண்டர்ல போட்டுருங்க" என்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் மேலே எனக்கு மரியாதை உண்டு.

மிச்சம் இருந்தது என் ரிப்போர்ட். சார்கிட்ட போனேன். "சார், அந்த மீன் முள் படத்தை மாத்தணும். ஆள் இல்ல சார், மெஷினும் சூழலும். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நான் சொன்னதைத்தானே எழுதினே?" என்றார். கோபமா இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கிட்டே இருந்தார். "அது கஸ்டமருக்குப் போயிருச்சேம்மா. ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்துட்டோம்னு கையெழுத்து போட்டு அனுப்பியாச்சு."

"திருத்தி அனுப்பலாம் சார். ஹீட்டரைப் பத்திச் சொல்லலைன்னா, அடுத்த ஹீட்டர் போகும்போதும் இதேதான் நடக்கும்."

சார் பதில் சொல்லலை. ஆனா மறுநாள் காலையில் என் டேபிளில் ப்ரோப் ரீடிங் எழுத ஒரு புது ரெஜிஸ்டர் இருந்தது. நாலு குழிக்கும் நாலு கட்டம், ஷிப்டுக்கு ரெண்டு தடவை. கஸ்டமருக்கும் திருத்தின ரிப்போர்ட் போச்சு. அதில் 'ஆள்' முள் காலியா இருந்தது. அதை நானே டைப் பண்ணினேன், கலரெல்லாம் போடலை.

ஒடிசா அண்ணனை மெஷினுக்குத் திரும்பப் போட்டாங்க. சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிஞ்சு அவர் கிளம்பும்போது போய்ச் சொன்னேன். முதல் ரிப்போர்ட் எழுதினது நான்தான் என்று. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தி, அவருக்குத் தெரிஞ்ச முக்கால் தமிழ். புரிஞ்சுதா புரியலையா என்று தெரியலை. "பரவால்ல மேடம்" என்றார். பிறகு, "நீங்க நைட் வந்தீங்க. அதுக்கு முன்னாடி யாரும் நைட் வரல" என்றார்.

நம்ம ஊரில் சனிக்கிழமைதான் சம்பளம். அன்னைக்குச் சாயங்காலம் கேட் பக்கத்திலேயே நின்னுக்கிட்டிருந்தேன். கவரைப் பிரிச்சு எண்ணிட்டு ஒரு விரலைக் காட்டினார். ரெண்டு ஷிப்டில் ஒண்ணு திரும்பி வந்திருந்தது.

உள்ளே போய் சார்கிட்ட கேட்டேன். "இன்னொண்ணு, சார்?"

"அதும்மா," என்றார், ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காம, "ஜன்னலைத் திறந்ததுக்கு."